பச்சைக்குச் சிறையில்லை

“பச்சை எடுத்துக்கோ தம்பி. ஆனா வெட்டுப்பட்டா போய் உக்கார உனக்கு இடம் கிடையாது” என்றார் லிசார்தோ, பகடையைக் குலுக்கிக்கொண்டே.

வெய்மார் பலகையைப் பார்த்தான். பர்க்கேஸ் பலகைக்கு நான்கு மூலை, நான்கு நிறம். வெட்டுப்பட்ட காய் போய் முடங்கிக் கிடக்க ஒவ்வொரு மூலையிலும் வட்டமாக ஒரு சிறை. இந்தப் பலகையில் சிவப்பு இருந்தது, மஞ்சள் இருந்தது, நீலம் இருந்தது. பச்சை இருக்க வேண்டிய மூலையை யாரோ ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார்கள்.

“என்ன தோன் லிசார்தோ, எலி கடிச்சிடுச்சா?”

“எலி ரம்பமா வெச்சிருக்கு? எல்லாம் என் பொண்டாட்டி வேலை. எதுக்குடி அறுத்தேன்னு கேட்டா, ‘பச்சை எப்பவும் தோத்துத்தானே போகுது, அதுக்கெதுக்கு மூலை’ங்கிறா.”

பொண்டாட்டி ருபியேலா சமையலறையில் இருந்தாள். கூடவே வெய்மாரின் முதலாளி, துப்பறியும் ஒத்திலியா. கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஏதோ குசுகுசுப்பு. அப்புறம் இரண்டு பெண்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும் சத்தம்.

வெய்மாருக்கு எரிச்சலாக இருந்தது. இன்று ஐம்பத்தொன்பதாவது நாள். சிரிக்கிற நாளா இது?

எல் ரெமான்சோ சதுக்கத்தில் ஜீப்காரர்களுக்கு எண் போட்ட இடங்கள் பன்னிரண்டு. அந்த வரிசையில் நிற்பவருக்குத்தான் மலையிலிருந்து காப்பி மூட்டையும் வாழைக்குலையும் இறக்கும் வேலை கிடைக்கும். நான்காம் எண் இருபத்திரண்டு வருடமாக ருபியேலாவுடையது. அந்த இடத்தில் அவளுடைய 1954ஆம் வருட வில்லிஸ் ஜீப், சிவப்பு உடம்பும் மஞ்சள் பட்டையுமாக, ‘மிமாதா’ என்று நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டு நிற்கும். செல்லம் கொடுத்துக் கெட்டுப்போனவள் என்று அர்த்தம். ஜூன் திருவிழாவுக்கு முந்தின இரவு, வீட்டு வாசலிலிருந்தே மிமாதா காணாமல் போனாள்.

சங்கத்துச் சட்டத்தில் கண்ணீருக்கு இடமில்லை. அறுபது நாள் வண்டி வந்து நிற்கவில்லையென்றால் இடம் காத்திருப்பவருக்கு. நாளை காலை கோயில் மணி ஏழு அடித்து ஓய்ந்ததும் நான்காம் எண் எல்கினுக்குப் போய்விடும்.

எல்கினை வெய்மார் முதல் வாரமே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தான். அவன் வண்டி பச்சை. பின்னால் நீளமாக மரப்பெட்டி. எண் பலகையும் அடிச்சட்டத்து எண்ணும் மிமாதாவுடையவை அல்ல, இரண்டுக்கும் ஒழுங்கான காகிதம். ‘அது ஜீப்பே இல்ல தோன்யா, குட்டி லாரி’ என்று ஒத்திலியாவிடம் சத்தியம் பண்ணி, எல்கின் பெயரைச் சந்தேகப் பட்டியலில் அடித்ததும் வெய்மார்தான்.

கதவு திறந்தது. ஒத்திலியா கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள். ஐம்பத்திரண்டு வயது. வாகனக் காப்பீட்டு அலுவலகத்தில் இருபது வருடம் ‘உங்கள் கோரிக்கை நிராகரிக்கப்படுகிறது’ என்று எழுதி, ஊரில் பாதிப் பேரின் பொய்யை மணத்தாலேயே கண்டுபிடிக்கப் பழகியவள். வாழ்நாளில் ஸ்டீயரிங்கைத் தொட்டதில்லை.

“தம்பி, முந்தாநாள் எல்கின் லாரியைப் பத்திச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சியே. என்ன அது?”

“விக்கல் எடுக்குதாம். முதல் கியர்ல மிதிச்சா, நன்கொடைக்குக் கூப்பிட்ட ஆள் மாதிரி தயங்குது. திருப்பத்துல மெதுவாப் போனா அப்படியே உயிரை விடுது. மூணு மெக்கானிக் பாத்துட்டாங்க.”

“கிளம்பு. நாலாவது மெக்கானிக் நீதான்.”

வெய்மார் பகடையைக் கீழே வைத்தான். “நாளைக்கு நாலாம் நம்பர் போகப்போகுது. திருடனைத் தேடறதை விட்டுட்டு, அந்த இடத்துக்கு வரப்போறவன் வண்டிக்கு நாம இலவச வைத்தியம் பாக்கணுமா?”

“நீ மூணு பட்டறையில வேலை பாத்தவன்தானே?”

“மூணு பட்டறையிலருந்து துரத்தப்பட்டவன்.”

“அப்ப ஒவ்வொரு பட்டறையிலயும் என்ன செய்யக்கூடாதுன்னு தெரிஞ்சிருக்கும். போதும், வா.”

வாசலில் ருபியேலா ஒத்திலியாவின் கையைப் பிடித்தாள். நாற்பத்தாறு வயது, வாழைக்குலை தூக்கி உரமேறிய கை. “தோன்யா ஒத்திலியா… அந்த விஷயம் வெளிய…”

“அது உங்க விஷயம். என் வாயிலருந்து வராது. வரணும்னா உங்க வாயிலருந்துதான் வரணும்.”

“என்ன விஷயம்?” என்றான் வெய்மார்.

“நீ விளையாட்டுல தோத்துக்கிட்டிருந்தியே, அந்த விஷயம்” என்றாள் ஒத்திலியா.

* * *

எல்கின் மீசையைச் சீவிவிட்டு, தோளில் பொன்ச்சோப் போர்வையை மடித்துப் போட்டு, கல்யாண வீட்டுக்காரர் மாதிரி வரவேற்றான். அவனுக்கும் இது அவசர நாள்தான். இடம் கொடுப்பதற்கு முன் சங்கத்தில் ஒரு சோதனை உண்டு: நடை வேகத்தில் சதுக்கத்தை ஒருமுறை நிற்காமல் சுற்றி வர வேண்டும். நடை வேகம்தான் அவன் லாரிக்கு எமன்.

“பிளக் மாத்தியாச்சு, பம்ப் மாத்தியாச்சு, ஃபில்டர், பாயின்ட்டு எல்லாம் மாத்தியாச்சு. போன வாரம் கார்புரேட்டரையே புதுசாப் போட்டேன். இனி மாத்தறதுக்கு டிரைவர்தான் பாக்கி” என்றான்.

“அதை நாளைக்கு யோசிக்கலாம்” என்றாள் ஒத்திலியா.

வெய்மார் ஓட்டிப் பார்த்தான். சிமெண்டு முற்றத்தில் முதல் கியரைப் போட்டு மிதித்ததும் லாரி ஒருமுறை விக்கியது, தோளைக் குலுக்கியது, ‘எனக்கென்ன’ என்று நின்றது. மறுபடி. மறுபடியும் நின்றது. வேகம் பிடித்துவிட்டால் குறை சொல்ல ஒன்றுமில்லை. மெதுவாகப் போகச் சொன்னால்தான் கோபம்.

பானெட்டைத் தூக்கினான். எங்காவது காற்று கசிகிறதா என்று குழாய்களில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தான். ஒரு குமிழி இல்லை. சோக்கைப் பார்த்தான், ஒயர்களைப் பார்த்தான். கதவின் உள்விளிம்பை நகத்தால் சுரண்டினான். பச்சைக்கு அடியில் சிவப்பு தெரிந்தது.

“தோன்யா!” என்று கிசுகிசுத்தான். “அடியில சிவப்பு!”

“இந்த ஊர்ல பாதி ஜீப் சிவப்பு. மீதிப் பாதி முன்னாடி சிவப்பா இருந்தது. நகத்தை வீணாக்காத.” அவள் எல்கின் பக்கம் திரும்பினாள். “எங்கெல்லாம் நிக்குதுன்னு எல்லாரும் கேட்டிருப்பாங்க. எங்க நிக்கலைன்னு யாராவது கேட்டாங்களா?”

எல்கின் மீசையைத் தடவினான். “யாரும் கேக்கல. ஆனா அதுதான் வேடிக்கை. ஏத்தத்துல நிக்கறதே இல்ல, ஆடு மாதிரி ஏறுது. இறக்கத்துல மோசம். அப்புறம்… பின்னாடி சுமை ஏத்தினா நல்லா ஓடுது.”

“சுமை ஏத்தினா நல்லா ஓடுதா?”

“சத்தியமா. நாப்பது குலை ஏத்தினா குழந்தை மாதிரி போகுது. காலியா இருந்தாத்தான் தகராறு.”

“என் வீட்டுக்காரரும் அப்படித்தான் இருந்தார்” என்றாள் ஒத்திலியா. “ஒரு திந்தோ கிடைக்குமா? சர்க்கரை வேண்டாம்.”

கடுங்காப்பி வந்தது, வெள்ளைப் பீங்கான் கோப்பையில். ஒத்திலியா தன் பையிலிருந்து ஓர் எலுமிச்சம்பழத்தை எடுத்து முற்றத்துச் சிமெண்டில் வைத்தாள். அது வைத்த இடத்திலேயே கிடந்தது. பிறகு எஞ்சின் பக்கம் வந்து, ஏர் ஃபில்டரைக் கழற்றச் சொல்லி, கார்புரேட்டரின் தட்டையான தலைமேல் கோப்பையை வைத்தாள். வைத்துவிட்டு, குடிக்காமல், அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோப்பையின் முன்விளிம்பில் காப்பி வழியப் பார்த்தது. பின்விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளைப் பீங்கான் தெரிந்தது.

“தரை சமம். காப்பியும் சமமாத்தான் இருக்கு. கோப்பை மட்டும் ஏன் ரேடியேட்டரைப் பாத்துக் குனிஞ்சு வணக்கம் சொல்லுது?”

“எஞ்சினே கொஞ்சம் சாய்வாத்தான் உக்காந்திருக்கும்” என்றான் வெய்மார்.

“எந்தப் பக்கம்?”

“பின்… பின்பக்கம்.” அவன் குரல் தேய்ந்தது.

ஒத்திலியா காப்பியை எடுத்து ஒரே மடக்காகக் குடித்தாள். “தோன் எல்கின், எதையும் மாத்த வேண்டாம். நாளைக்குக் காலையில நாப்பது குலை ஏத்திக்கிட்டு சதுக்கத்துக்கு வாங்க. சுமையோட சுத்தக்கூடாதுன்னு விதி எதுவும் இல்லையே?”

எல்கின் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான். “மூணு மெக்கானிக்குக்குத் தோணாதது உங்களுக்குத் தோணியிருக்கு!”

“ஆமா” என்றாள் ஒத்திலியா. “பாருங்களேன்.”

தெருவுக்கு வந்ததும் வெய்மார் வெடித்தான். “நாம இப்ப ருபியேலாவோட இடத்தைத் தட்டுல வெச்சு அவனுக்குக் கொடுத்துட்டு வந்திருக்கோம். புரியுதா?”

“அந்த மூணு மெக்கானிக்கும் உக்காந்திருக்கிறவனை மாத்திக்கிட்டே இருந்தாங்க தம்பி. நாற்காலியை ஒருத்தனும் பாக்கல.”

“இதுக்கு என்ன அர்த்தம்?”

“நாளைக்கு வரும்போது ஸ்பேனர் கொண்டு வான்னு அர்த்தம்.”

* * *

காலை ஆறேகாலுக்கே சதுக்கம் நிறைந்திருந்தது. பன்னிரண்டில் பதினோரு ஜீப்புகள் வரிசையாக நின்றன. நான்காம் எண்ணில் மட்டும் வெறும் தரையும் ஒரு புறாவும். மூலைக் காப்பிக்கடையின் கண்ணாடி அலமாரியில் ருபியேலாவின் இரண்டு வெள்ளிக் கோப்பைகள் மின்னின.

ஜூன் திருவிழா அணிவகுப்பின் கோப்பைகள். பின்பக்கம் வாழைக்குலையும் மூட்டையும் அளவுக்கு மீறி ஏற்றி, முன்சக்கரங்கள் இரண்டும் ஆகாயத்தைப் பார்க்க, பின்சக்கரத்திலேயே ஜீப்பை வட்டமடிக்க வைக்கும் போட்டி. அதற்கு ஒரே விதி: சுமையும் கைப்பழக்கமும் மட்டும்தான்; எஞ்சினில் கை வைக்கக்கூடாது. இரண்டு வருடமாக முதலிடம் ருபியேலாவுக்கு. இரண்டு வருடமும் இரண்டாமிடம் சங்கத் தலைவர் தோன் கார்லோமாக்னோவுக்கு. அதை அவர் மறந்ததில்லை. மற்றவர்கள் மறக்க விட்டதுமில்லை.

ருபியேலா காப்பிக்கடை வாசலில், கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். பக்கத்தில் லிசார்தோ, அக்குளில் செய்தித்தாள் சுற்றிய ஏதோ பொட்டலத்தோடு.

கார்லோமாக்னோ விசில் ஊதினார். நாற்பது குலையோடு பச்சை லாரி நடை வேகத்தில் கிளம்பியது. கோயிலைச் சுற்றியது, மருந்துக்கடைத் திருப்பத்தில் வளைந்தது, விக்கவில்லை, குலுங்கவில்லை. எண்ணெய் போட்ட தையல் மிஷின் மாதிரி வந்து நின்றது. எல்கின் தொப்பியைத் தூக்கி ஒத்திலியாவுக்கு வணக்கம் வைத்தான். வெய்மாருக்கு எங்காவது ஓடிவிடலாம் போலிருந்தது.

“சபாஷ்!” என்று ஒத்திலியா கைதட்டினாள். “ஆனா தோன் கார்லோமாக்னோ, நாலாம் நம்பருக்குன்னு ஒரு மரியாதை இருக்கே. அங்க நிக்கிற வண்டி மூக்கைத் தூக்கிக் காட்டாம எப்படி? பாவம், தோன் எல்கினுக்குப் பயமோ என்னவோ.”

“பயமா? எனக்கா?” என்றான் எல்கின், காப்பிக்கடைப் பெண்கள் சிரிப்பதைப் பார்த்து.

அவ்வளவுதான். யார் வண்டியிலாவது மூட்டை ஏற்றச் சொன்னால் இந்த ஊர் ஜீப்காரர்களுக்குக் கை சும்மா இருக்காது. காப்பி மூட்டைகள் பறந்தன. “இன்னும் ரெண்டு!” “அந்தத் தடியனையும் தூக்கிப் போடு!” என்று சத்தம். நீட்டிய மரப்பெட்டி தரையை நோக்கி இறங்க, பச்சை லாரியின் முன்சக்கரங்கள் மெல்ல எழும்பின. ஒரு முழம். இரண்டு முழம். மேலே எல்கின் வெளுத்துப்போய் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்திருந்தான்.

எஞ்சின் பாடியது.

விக்கலும் இல்லை, தயக்கமும் இல்லை. மூக்கு உயர உயரக் குரல் தெளிந்தது. ஏழாம் எண்காரர் வாயிலிருந்த புனுவேலோ பலகாரத்தை மெல்வதை நிறுத்தினார். “இந்தக் குரலை எனக்குத் தெரியும்” என்றார். “ரெண்டு வருஷமா இதுகிட்டத்தான் தோத்துக்கிட்டிருக்கேன்.”

எல்லாத் தலைகளும் ருபியேலாவின் பக்கம் திரும்பின.

மூட்டைகளைக் கொஞ்சம் இறக்கி, சக்கரம் தரை தொட்டதும் எல்கின் கீழே குதித்தான். “குரலுக்கு எண் பலகை உண்டா? காகிதம் இருக்கு. பாத்துக்கோங்க!” கூட்டத்தோடு கூட்டமாக நின்ற போலீஸ்காரர் வாங்கிப் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது.

“காகிதம் சரிதான்” என்றாள் ஒத்திலியா. “ஏதோ செத்துப்போன ஜீப்போட காகிதம், நம்பரும் அதோடதுதான். ஆனா எனக்கு ஒரு சந்தேகம். இந்த வண்டி சமதரையில சாகுது, மூக்கைத் தூக்கினாப் பாடுது. ஏன்னு தோன் எல்கினுக்குத் தெரியல. மூணு மெக்கானிக்குக்கும் தெரியல. தெரிஞ்சவங்க யாரோ, அவங்கதான் சொந்தக்காரர். அவங்க இஷ்டம், சொன்னாச் சொல்லலாம்.”

அதோடு நிறுத்திவிட்டாள். கோயில் கடிகாரத்தில் ஏழுக்குப் பத்து நிமிடம்.

வெய்மாருக்கு அப்போதுதான் உறைத்தது: சாய்ந்த கோப்பை, நாற்காலி, அறுத்த மூலை. அவன் ருபியேலாவைப் பார்த்தான். ருபியேலா கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, புறா உட்கார்ந்திருந்த வெறும் தரையை.

“கார்புரேட்டருக்கு அடியில ஒரு ஆப்பு இருக்கு” என்றாள், எல்லோருக்கும் கேட்கும்படி. “மரக்கட்டை. நான்தான் செஞ்சேன். மூக்கு மேல போனா உள்ள இருக்கிற பெட்ரோல் எல்லாம் பின்னால ஓடிடும், எஞ்சின் திணறும். உங்க எல்லாருக்கும் திணறும். கட்டையை முன்னால சாய்ச்சு வெச்சா, மூக்கு தூக்கினப்ப கார்புரேட்டர் நேரா நிக்கும். போட்டிக்கு முந்தின நாள் மாட்டுவேன், முடிஞ்சதும் கழட்டிடுவேன். இந்த வருஷம் மாட்டினேன். கழட்டறதுக்கு வண்டி இல்ல.”

கார்லோமாக்னோ விசிலைச் சட்டைப் பையில் போட்டார்.

“ரெண்டு வருஷமாவா?” என்றார் கார்லோமாக்னோ.

“ரெண்டு வருஷமா.”

“மரக்கட்டைன்னா ஊர்ல ஆயிரம் இருக்கும்” என்று எல்கின் தொடங்கினான். அதற்குள் வெய்மாரின் ஸ்பேனர் இரண்டு நட்டுகளையும் கழற்றிவிட்டது. கார்புரேட்டரைத் தூக்கினான். அடியிலிருந்து எண்ணெய் குடித்துக் கறுத்த ஓர் ஆப்பு வந்தது. ஒரு பக்கம் கட்டை விரல் கனம், மறுபக்கம் பிஸ்கட் கனம். சட்டை முனையால் அழுத்தித் துடைத்தான்.

பச்சை. பச்சைக்கு நடுவே, காற்றுக்குப் போட்ட துளை தின்றது போக, பாதி வட்டமாக ஒரு சிறை.

லிசார்தோ செய்தித்தாளைப் பிரித்தார். பர்க்கேஸ் பலகையை நீட்டினார். வெய்மார் ஆப்பின் அறுத்த விளிம்பைப் பலகையின் அறுத்த விளிம்போடு வைத்தான். ரம்பம் ஓர் இடத்தில் வழுக்கிய தடம்கூட இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தப்பாமல் தொடர்ந்தது.

“ரம்பம் பிடிக்கத் தெரியாதுன்னு சொன்னேனே கேட்டியா?” என்றார் லிசார்தோ மனைவியிடம். அவர் கண் கலங்கியிருந்தது.

எல்கின் இரண்டடி பின்வாங்கினான். அங்கே போலீஸ்காரரின் கை அவன் தோளுக்காகக் காத்திருந்தது.

“இதெல்லாம் அப்புறம்!” என்று ஒத்திலியா கத்தினாள். “ஏழுக்கு நாலு நிமிஷம்! வண்டி இடத்துல நிக்கணும்!”

மூட்டைகள் ஏறியதைவிட வேகமாக இறங்கின. வெய்மார் ஆப்பு இல்லாமல் கார்புரேட்டரை உட்கார வைத்து, நட்டை முறுக்கி, குழாயை மாட்டினான். தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஒரு வேலையை நேரத்துக்கு முடித்தான். முதல் மணி அடித்தபோது ருபியேலா ஸ்டீயரிங்குக்குப் பின்னால் இருந்தாள். மூன்றாவது மணிக்கு எஞ்சின் உயிர்த்தது. முதல் கியரில், நடை வேகத்தில், சமதரையில், பச்சைப் பெயிண்ட்டு பூசிய மிமாதா ஒரு விக்கலும் இல்லாமல் நகர்ந்தாள். ஆறாவது மணிக்குப் புறா பறந்தது. ஏழாவது மணிக்கு நான்காம் எண் நிரம்பியிருந்தது.

கைதட்டல் ஓயக் காத்திருந்து கார்லோமாக்னோ தொண்டையைச் செருமினார். “இடம் உன்னோடதுதான் ருபியேலா. சந்தோஷம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு. அந்த ரெண்டு கோப்பையும் இரண்டாமிடம் வந்தவருக்குத்தான் போகணும். அது நானா இருக்கறது தற்செயல்.”

ருபியேலா தலையை ஆட்டினாள். “எடுத்துக்கோங்க தோன்.”

“ரொம்ப நியாயம்” என்றாள் ஒத்திலியா. “நியாயம் முழுசா இருக்கட்டுமேன்னு பாக்கறேன். வெய்மார், ஸ்பேனர் கையில இருக்கா? பதினோரு ஜீப்தான். ஒவ்வொண்ணா கார்புரேட்டரைத் தூக்கிப் பாத்துடலாம். தலைவர் வண்டியிலருந்து ஆரம்பி.”

திறந்து கிடந்த ஒரு பானெட் டப்பென்று மூடியது. அடுத்தது இன்னொன்று. ஏழாம் எண்காரருக்குத் திடீரென்று மலையில் அவசரமான சுமை ஞாபகம் வந்தது. ஒன்பதாம் எண்காரர் தன் பானெட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டு வானத்தைப் பார்த்தார். வெய்மார் ஸ்பேனரைச் சுழற்றிக்கொண்டு தலைவரின் முதலாம் எண்ணை நோக்கி நடக்க, கார்லோமாக்னோ குறுக்கே வந்து நின்றார்.

“கோப்பை… அங்கேயே இருக்கட்டும்” என்றார். “அப்பப்போ தூசி தட்டினாப் போதும்.”

* * *

பிற்பகலில் ருபியேலாவின் வீட்டில் லிசார்தோ மறுபடி பலகையை விரித்தார். வெய்மார் மூலையைப் பார்த்தான். இன்னும் காலியாகத்தான் இருந்தது.

“எங்க அது? திருப்பித் தரலையா?”

“சாட்சிப் பொருளாம். வழக்கு முடியற வரைக்கும் ஸ்டேஷன்லதான் இருக்குமாம்” என்றாள் ஒத்திலியா, மஞ்சள் காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டே. “நீ பச்சைதானே? பாத்து ஆடு தம்பி. இனிமே வெட்டுப்பட்டா எல்கின் பக்கத்துலதான் போய் உக்காரணும்.”